நூல் கட்டிய பூ

"அந்த ஜினியாப் பாத்தில நாப்பது நாளைக்கு யாரும் கை வைக்கக் கூடாது சார்."

சொல்லிவிட்டேன். ஹோட்டல் மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா என் முதுகில் கிள்ளினாள். லீவு கேள், கையுறை கேள், ஆனால் வாடின பூவைச் செடியிலேயே விடச் சொல்லி மட்டும் வாயைத் திறக்காதே என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லி வைத்திருந்தாள்.

எங்கள் வேலையே அதுதான். விருந்தினர்கள் காலையில் சாப்பிட இறங்கி வருவதற்குள் முன்வாசல் தோட்டத்தில் வாடியதையெல்லாம் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அம்மா பத்தொன்பது வருடமாகக் கிள்ளுகிறாள். பூவுக்குக் கீழே முதல் ஜோடி இலைவரை காம்பைத் தடவிக்கொண்டு போய், கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து. வாடியது இடுப்பில் கட்டிய பைக்குள் விழும். சில நாளில் அந்தக் கணுவிலிருந்து இரண்டு மொட்டு எட்டிப் பார்க்கும்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தாவரவியல். வேறு வேலை கிடைக்கும்வரை என்று அம்மாவோடு வந்து ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. செடி பூப்பது விதைக்காக, நமக்காக இல்லை என்று படித்தவள் நான். விதை கட்டிவிட்டால் பூப்பதை நிறுத்திக்கொள்ளும். கட்டவிடாமல் கிள்ளிக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி முயலும். அந்த முயற்சியின் முன்னால் நின்றுதான் விருந்தினர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

"ஏன் காலேஜு, பாத்திக்குள்ள புதையல் கிதையல் இருக்கா?" என்றார் மேனேஜர். காலேஜு என்பது அவர் எனக்கு வைத்த பெயர்.

"ஒரு செடி மட்டும் வேற மாதிரி பூத்திருக்கு சார். வெள்ளை இதழ், ஓரத்துல செங்கல் நிறம். நாம போட்ட விதைப் பாக்கெட்டுல இல்லாத நிறம். அதோட விதையைப் போட்டா அடுத்ததும் அப்படியே வருதான்னு பார்க்கணும்."

"வந்தா?"

"நான் கண்டுபிடிச்ச பூன்னு சொல்லிக்குவேன்."

"வராட்டி?"

"வராதுன்னு தெரிஞ்சுக்குவேன்."

"அவ ஏதோ தெரியாம பேசுறா சார்," என்றாள் அம்மா.

"தெரிஞ்சுதாம்மா பேசுறேன்."

மேனேஜர் சிரித்தார். "பாத்தி எல்லாம் முடியாது. வர்றவங்க காஞ்ச தலையைப் பார்த்தா என் தலைதான் உருளும். சுவரோரமா ஒரு பூ விட்டுக்க. ஒண்ணே ஒண்ணு."

அன்றே அந்தச் செடியில் சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்த ஒரு பூவைத் தேர்ந்தெடுத்து, காம்பில் நீல நூல் கட்டினேன். "என்ன, பூ ஓடிப்போயிடும்னு கட்டிப் போட்டிருக்கியா?" என்று வாட்ச்மேன் தினமும் கேட்டார். தினமும் அவரே சிரித்துக்கொண்டார். இதழ்கள் வெளுத்தன, சுருண்டன, பழுப்பாகின. ஒவ்வோர் இதழின் அடியிலும் ஒரு விதை முற்றுகிறது என்று எனக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு செத்த பூ.

முப்பத்துமூன்றாவது நாள் காலை. பின்பக்கத் தொட்டிகளை முடித்துவிட்டு முன்வாசலுக்கு வந்தேன். நூல் இருந்தது. முடிச்சுகூட அவிழவில்லை. பூ இல்லை.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டேன்.

"இவ்வளவு பெரிய தோட்டத்துல ஒரு பூவை விட்டுவைக்க மனசு வரலையா உங்களுக்கு? சரின்னு நீங்கதானே சொன்னீங்க? எங்களுக்குச் சொன்ன சொல்லுன்னா காத்துல போயிடுமா?"

என் சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். மேனேஜர் என்னை முழுதாகப் பேசவிட்டார்.

"நான் குனிஞ்சு ஒரு பூவையாவது தொட்டு நீ பார்த்திருக்கியா? உங்கம்மாவைக் கேளு."

அம்மாவின் கை இடுப்புப் பைக்குள் போனது. துழாவியது. நின்றது.

"நூலைப் பார்த்தேன்டி," என்றாள் மெதுவாக. "பார்த்து, அதை ஒதுக்கிட்டு... கிள்ளிட்டேன் போல. கை அதுபாட்டுக்குப் போயிடுச்சு."

திட்ட ஆள் இருக்கிறது என்று வந்த எனக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

"இதுல்ல கை!" மேனேஜர் மேசையைத் தட்டினார். "இவளும் லேசுப்பட்டவ இல்லம்மா. அங்க பாருங்க, என்னைத் திட்டிக்கிட்டே வேலையை முடிச்சிருக்கா."

என் கையைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். அறை வாசலில் இருந்த தொட்டியிலிருந்து நான்கு வாடின பூக்கள் என் இடது கைக்குள் இருந்தன. எப்போது கிள்ளினேன் என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. வலது கட்டைவிரல் நகத்தில் பச்சை ஈரம்.

"உங்கம்மாவுக்கும் வயசாகுது. அடுத்த மாசத்துலேர்ந்து முன்வாசல் உன் பொறுப்பு காலேஜு. நிரந்தரம். கோவம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், வேலை சுத்தமா இருக்கு."

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. "சரின்னு சொல்லுடி."

நான்கு பூக்களையும் மேனேஜர் மேசைமேல் வைத்தேன்.

"பையைக் குடும்மா."

அன்று காலை கிள்ளியதெல்லாம் அதில் கிடந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடினேன். செங்கல் ஓரம் கொஞ்சம் மிச்சமிருந்த ஒரு தலை. வெளிச்சுற்று உலர்ந்து சரசரத்தது. உள்ளே இன்னும் பச்சை.

"பாதி விதை தேறும்," என்றாள் அம்மா. நான் அதை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "எங்கடி போடுவ? நம்ம வீட்ல இருக்கிறது ஒரு ஜன்னல்."

"அந்த ஜன்னல்லதான். சார், நாளையிலேர்ந்து நான் வரல."

"கோவத்துல பேசுறா சார், சாயங்காலம் சரியாயிடுவா."

"கோவம் போன வருஷமே வந்துடுச்சும்மா. இது கோவம் இல்ல. என் கை எனக்குத் தெரியாமலே போகுது. நீ பார்க்கலையா?"

அம்மா தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

வேலையாட்கள் பின்வழியாகத்தான் போக வேண்டும். நான் முன்வாசல் வழியாக இறங்கினேன். இரண்டு பக்கமும் பாத்திகள். காலையில் சுத்தம் செய்த இடத்திலேயே அதற்குள் மூன்று வாடியிருந்தன, கைக்கு எட்டும் தூரத்தில். விதைத் தலையை ஒரு கைக்குள் மூடி, இரண்டு கைகளையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தேன்.