திரையில் இடம் மாறிய கல்லீரல்

ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் கல்லீரல் பதினோரு மணிக்குத் திரையின் வலப்பக்கம் இருந்தது. ஒன்றே கால் மணிக்கு இடப்பக்கம் இருந்தது. நடுவில் அவர் எங்கேயும் போகவில்லை. கேன்டீனில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்ததோடு சரி.

அக்கா ஸ்கேன் கருவியைப் பார்த்தாள், ஓட்டுநரின் வயிற்றைப் பார்த்தாள், மறுபடி கருவியைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் அவசரப் பிரிவில் வேலை பார்த்த டாக்டர் அவள். ஸ்கேன் செய்வதில் தேர்ச்சி பெற ஓராண்டு பெல்லோஷிப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கூடப் படிப்பவர்களைவிட மூத்தவள் என்பதால் பிரிவு முழுக்க அவளை அக்கா என்றே கூப்பிட்டது.

"என்ன டாக்டரம்மா, ஊமையாயிட்டீங்க?" என்றார் ஓட்டுநர். பயிற்சிக்காக வயிற்றைக் காட்ட அலுக்காத ஒரே மனிதர் அவர்தான். படுத்தால் ஏசி காற்று வரும், யாரும் வண்டியை எடு என்று சொல்ல மாட்டார்கள்.

"ஒண்ணுமில்ல அண்ணே. மூச்சை இழுத்துப் பிடிங்க."

ஒன்றுமில்லையா? தலை போகிற விஷயம். உடலுக்குள் எல்லாமே இடம் வலமாக மாறிப் பிறப்பவர்கள் உண்டு. பத்தாயிரம் பேரில் ஒருவர். காலையில் திரையைப் பார்த்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. 'உறுப்புகள் இடம் மாறியுள்ளன' என்று அறிக்கை எழுதி, பயிற்சி இயக்குநருக்கும் அனுப்பிவிட்டாள். வாரம் ஒருமுறை, மதியம் இரண்டு மணிக்கு, எல்லோரும் எடுத்த படங்களைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் குற்றம் கண்டுபிடிப்பார்கள். வயிற்று ஸ்கேன் அறிக்கையில் இனி அக்கா தனியாகக் கையெழுத்துப் போடலாமா என்று இயக்குநர் முடிவு செய்யப்போவது இன்றைய கூட்டத்தில்தான். இன்னும் முக்கால் மணி நேரம்.

இதற்குள் ஓட்டுநர் சும்மா இருந்தாரா? வீட்டுக்குப் போன் போட்டாயிற்று.

"உள்ள எல்லாமே பக்கம் மாறியிருக்காம்டி! லட்சத்துல ஒருத்தனாம்!" என்று தன் பங்குக்கு ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துச் சொன்னார்.

ஸ்பீக்கரில் மனைவியின் குரல் வந்தது. "எங்கம்மா கல்யாணத்தன்னிக்கே சொன்னாங்க, மாப்பிள்ளைக்கு எல்லாமே ஏறுக்குமாறுன்னு. இப்பத்தான் மெஷின் கண்டுபிடிச்சுதா?"

அதற்குப்பின் மருந்துக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். காவலாளி இடது கையால் சல்யூட் அடித்தார்.

அக்கா யோசித்தாள். ஸ்கேன் என்பது ஒலிதான். காதுக்கு எட்டாத ஒலியை, வயிற்றில் வைத்து அழுத்தும் இந்தக் கைப்பிடி உள்ளே அனுப்புகிறது. அது உறுப்புகளில் பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆகிறதோ, உறுப்பு அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கருவி கணக்குப் போட்டு வரைகிறது. ஆழத்தை அதுவே கண்டுபிடிக்கும். ஆனால் எது வலது, எது இடது என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கைப்பிடியின் ஒரு பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும்படி ஒரு சிறு மேடு இருக்கிறது. அந்த மேட்டை நோயாளியின் வலப்பக்கம் வைத்துப் பிடித்தால், எதிரே நிற்கும் ஆளைப் பார்ப்பதுபோல, அவருடைய வலது திரையில் இடமாகத் தெரியும். உடலின் வலப்பக்கம் இருக்கும் கல்லீரல் திரையின் இடப்பக்கம் வர வேண்டும்.

மேட்டைத் தடவிப் பார்த்தாள். சரியாகத்தான் பிடித்திருந்தாள். காலையிலும் அப்படித்தான் பிடித்தாள். அதைத் தூக்கத்தில்கூடச் செய்வாள்.

கைப்பிடியை வயிற்றின் நடுவிலிருந்து எடுத்து, வலது விலா எலும்புக்குக் கீழே வைத்தாள். கல்லீரல் அங்கே, ஊர் உலகத்துக்கெல்லாம் இருக்கிற இடத்தில், சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, உங்க கல்லீரல் வலப்பக்கம்தான் இருக்கு."

"காலையில?"

"காலையிலயும் அங்கதான் இருந்திருக்கணும்."

"அப்ப என் பேரு பேப்பர்ல வராதா?"

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஹார்ட்டு வந்தான். இவனும் பெல்லோஷிப்காரன்தான். காய்ச்சல் என்று வந்தவருக்கும் இதயத்தைத்தான் முதலில் பார்ப்பான். அதனால் அந்தப் பெயர். அக்கா வழக்கமாக எடுக்கும் கருவி பழுதுபார்க்கப் போயிருந்ததால், இரண்டு பேரும் இன்று ஒரே கருவியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒரே ஒரு நெஞ்சுவலி. பத்து நிமிஷத்துல கொண்டாந்து விட்டுடறேன்."

"பத்துன்னா பத்து. இல்லன்னா உன் இதயத்தை நான் வெளிய எடுத்துப் பார்ப்பேன்."

ஒன்பதாவது நிமிடத்தில் கருவி திரும்பி வந்தது. அக்கா அதே கையால், அதே மேட்டை வலப்பக்கம் வைத்து, அதே வயிற்றின் நடுவில் அழுத்தினாள்.

கல்லீரல் திரையின் வலப்பக்கம் இருந்தது.

"அண்ணே! மறுபடியும் மாறிடுச்சு!"

"நான் அசையவே இல்லம்மா! சத்தியமா!"

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஆள் அசையவில்லை, கை மாறவில்லை, நடுவில் மாறியது கருவி போய்வந்த இடம் ஒன்றுதான். அப்படியானால் கேள்வியை ஓட்டுநரிடம் கேட்டுப் பயனில்லை, கருவியிடம்தான் கேட்க வேண்டும். கைப்பிடியை வயிற்றிலிருந்து தூக்கினாள். அதன் முகத்தில் ஜெல் பளபளத்தது. மேடு இருக்கும் ஓரத்தில் ஒரு விரலால் தட்டினாள்.

திரையின் வலது ஓரம் துடித்தது.

இடது ஓரம் அல்லவா துடித்திருக்க வேண்டும்! இன்னொரு தட்டு, மறுபடி வலது. இப்போதுதான் அவள் கண் திரையின் உச்சிக்குப் போனது. அங்கே ஒரு சிறிய புள்ளி உண்டு. மேடு திரையில் எந்தப் பக்கம் என்று காட்டுவது அதுதான். வழக்கமாக இடது மூலையில் இருக்கும் புள்ளி வலது மூலைக்குப் போயிருந்தது. அருகில் 'இதயம்' என்று எழுதியிருந்தது. இதயம் பார்ப்பவர்களுக்கென்று தனி அமைப்பு. அதில் புள்ளி வலப்பக்கம் இருப்பதுதான் முறை. ஹார்ட்டு வேலை முடித்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறான். காலையிலும் அதேதான். ஒன்றே காலுக்கு முன்னால் யாரோ வயிற்றைப் பார்க்க அமைப்பை மாற்றியிருக்க வேண்டும், அதனால் கல்லீரலும் வீடு திரும்பியது.

அக்கா 'வயிறு' என்ற பொத்தானை அழுத்தினாள். புள்ளி டக்கென்று இடது மூலைக்குத் தாவியது. 'இதயம்', வலது. 'வயிறு', இடது. ஊஞ்சல் கிடைத்த குழந்தைபோல ஏழெட்டுத் தடவை மாற்றி மாற்றி அழுத்தினாள். ஓட்டுநரும் எழுந்து உட்கார்ந்து இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

"அப்ப நான் சாதாரண ஆளா?" என்றார், குரல் இறங்கி.

"அண்ணே, இவ்வளவு வழுவழுன்னு ஒரு கல்லீரலை நான் இந்த மாசம் பார்க்கல."

"அதை எழுதிக் குடுங்க. வீட்டுல காட்டணும்."

இரண்டு மணிக்குக் கூட்டத்தில் அக்கா யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்தாள். "காலையில எடுத்த படம் இது. அறிக்கை தப்பு. எழுதினது நான்தான்." கருவியையே உருட்டிக்கொண்டு வந்திருந்தாள். எல்லோர் முன்னாலும் ஓரத்தைத் தட்டிக் காட்டினாள். ஹார்ட்டு நாற்காலியில் ஒரு சாண் குறைந்து போனான்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையில இந்த மெஷின்ல வேற யாருக்கு வயிறு பார்த்தீங்க?"

"புள்ளி மாறின வயித்துப் படம் வேற யாருக்கும் இல்ல மேடம். சேமிச்ச படங்களைப் புரட்டிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"சரி. அந்த அறிக்கையைத் திருத்துங்க. திருத்தினதுல கையெழுத்து நீங்களே போடுங்க. இனிமேலும் நீங்களே போடுங்க. அப்புறம், நீங்க செஞ்சதை எல்லாருக்கும் புரியற மாதிரி எழுதி மெஷின் மேல ஒட்டுங்க."

அக்கா அங்கேயே, நின்றவாக்கில் எழுதினாள்:

கருவி கைக்கு வந்ததும், எந்த உறுப்பைப் பார்க்கப் போகிறீர்களோ அதற்குரிய அமைப்பை முதலில் தேர்ந்தெடுங்கள். கைப்பிடியில் ஜெல் தடவி, மேடு இருக்கும் ஓரத்தை விரலால் தட்டுங்கள். வயிற்றுக்குத் திரையின் இடது ஓரம் துடிக்க வேண்டும். துடித்தால் மட்டும் நோயாளியின் மேல் வையுங்கள்.