மூன்றாவது கேட்

கிளெண்டா வுல்வர்ஹாம்டனில் இருபத்திரண்டு வருடங்களாகப் பேருந்து ஓட்டுகிறாள். அதனால் வெள்ளிக்கிழமை மதியம் மின்ட்லோ கிராமத்தில் இறங்கியதும் அவள் மகனிடம் சொன்ன முதல் வார்த்தையே ஓட்டுநரைப் பற்றியதுதான்.

"அந்த ஆள் வளைவுல பிரேக்கையே தொடலைடா."

"வந்ததும் வராததுமா புகாரா?" நேதன் அவளுடைய பையை வாங்கிக்கொண்டான். "இங்க எல்லாரும் அப்படித்தான் ஓட்டுவாங்க. எதிர்ல யார் வருவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

அவனுக்கு இருபத்தாறு வயது. கிடங்கு வேலையை விட்டுவிட்டு, மிஸஸ் பீவனின் பண்ணையில் செம்மறிகளைப் பார்த்துக்கொள்ள வந்து மூன்று மாதமாகிறது. இது சோதனைக் காலம், திங்கட்கிழமையோடு முடிகிறது. அவருக்குப் பிடித்திருந்தால் நிரந்தர வேலையும் முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் சிறு வீடும் அவனுக்கு. பிடிக்காவிட்டால் மறுபடி கிடங்குதான். கழுத்து வரை வெயிலில் சிவந்து, தோள் அகன்று நின்றவனைப் பார்த்தபோது கிளெண்டாவுக்கு இவன் திரும்பி வரவே வேண்டாம் என்று தோன்றியது. அதை அவனிடம் சொல்லவில்லை.

பண்ணையை ஒட்டி அவன் இப்போதைக்குத் தங்கியிருந்த இடத்தில் சாப்பிட்டதும், அவன் கம்பளி கத்தரிக்கும் கருவிகளைச் சுத்தம் செய்யப் போனான். "பொழுது போகலன்னா மலைப்பக்கம் நடந்துட்டு வா. பாதை நேராப் போகும். நாய் குரைச்சா பயப்படாத, அதுக்குப் பல்லே இல்ல."

கேட்டுகளைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் அந்த வழக்கம் அவனுக்கு மூச்சு விடுவது போல் ஆகியிருந்தது.

முதல் கேட்டில், மூடிவிட்டுப் போகவும் என்று பலகை இருந்தது. கிளெண்டா மூடினாள். இரண்டாவது கேட் மூடியே இருந்தது. திறந்து, நுழைந்து, மூடினாள். மூன்றாவது, மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் நடுவே இருந்தது. அது வேலியோடு ஒட்டி அகலத் திறந்து கிடந்தது. பலகை எதுவும் இல்லை. மேலே ஆடுகளும் குட்டிகளும் மேய்ந்துகொண்டிருந்தன.

யாரோ கவனமில்லாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தாள். பேருந்தில் கதவு மூடாவிட்டால் வண்டி நகராது. திறந்த கதவைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்காது. புல்லில் புதைந்திருந்த கேட்டைத் தூக்கி இழுத்து மூடினாள். கொக்கி உடைந்திருந்தது. கம்பத்தில் வைக்கோல் கட்டும் ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்று தொங்கியது. அதைச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு திரும்பி நடந்தாள்.

சனிக்கிழமை முப்பத்தொரு டிகிரி. நேதன் அவளை லட்லோ சந்தைக்குக் கூட்டிப்போனான். வழியில் வண்டியை ஓரம் கட்டி, இறங்காமலே வேலிக்கு மேலாக மலையைப் பார்த்து உதட்டசைத்து எண்ணினான்.

"எல்லாம் இருக்கா?"

"நாப்பத்தொண்ணு. சரியா இருக்கு." அவன் வண்டியை எடுத்தான். "நீ வந்திருக்க, இன்னிக்கு மேல ஏறிப் போகல."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மலைக்குப் போன நேதன் பத்து மணியாகியும் வரவில்லை. பால் தீர்ந்திருந்தது. கிளெண்டா கிராமத்துக் கடைக்குப் போனாள். அங்கே வேலி கட்டும் ரான், கல்லாவுக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் கை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"நாப்பது ஆடும் கேட்ட முட்டிக்கிட்டு நிக்குது. தொட்டி கீழ் வயல்ல இருக்கு, கேட்ட மூடினா மேல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. பால் குடுக்கிற ஆடு, இந்த வெயில்ல ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் குடிக்கும். பீவனம்மா புட்டிப்பால் குடுத்து வளர்த்த கிழட்டு ஆடு செத்தே போச்சு." ரான் கிளெண்டாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "வாங்க. உங்க பையன குத்தம் சொல்லல. அவனே நான்தான் மூடினேன்னு ஒத்துக்கிட்டான்."

"அவன் சொன்னானா?"

"அந்தம்மா முகத்துக்கு நேரா. நான் பக்கத்துல நின்னேன். கேட்டு எப்படி இருக்கோ அப்படியே விட்டுட்டுப் போகணும்னு இங்க நடக்கப் பழகுற குழந்தைக்குக்கூடத் தெரியும். பையன் டவுன்ல வளர்ந்தவன், என்ன பண்றது." அவர் தலையை ஆட்டினார். "நாளைக்கு அவனுக்குத் தீர்ப்பு நாள் வேற."

கிளெண்டா பாலை வாங்காமல் திரும்பினாள்.

நேதன் சமையலறையில் கைகழுவிக்கொண்டிருந்தான். சட்டை முழுக்க ஈரம். ஆடுகளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்திருக்க வேண்டும்.

"நான்தாண்டா மூடினேன்," என்றாள் அவள் வாசலிலேயே.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவன் பையிலிருந்து அந்த ஆரஞ்சுக் கயிற்றை எடுத்து மேசைமேல் போட்டான். முடிச்சை அவிழ்க்காமல் பக்கத்தில் வெட்டி எடுத்திருந்தான். இரண்டு காதுகள் நிமிர்ந்து நின்றன. மேலே இன்னொரு சுற்று. பள்ளிக்கூடத்தில் ஓடும்போது அவிழாமலிருக்க அவன் ஷூவுக்கு அவள் போட்டுவிட்ட முடிச்சு. முயல் காது என்று அவன் அதற்குப் பேர் வைத்திருந்தான்.

"அப்புறம் ஏண்டா நீ பண்ணினதா சொன்னே?"

"என்ன சொல்லச் சொல்ற? எங்கம்மா பண்ணினாங்கன்னா? ரான் நிக்கிறார். அடுத்த அரைமணில ஊர் முழுக்கத் தெரியும். நீ இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது." அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "நேத்து மேல ஏறிப் போகாதது நான்தானே. போயிருந்தா பாத்திருப்பேன். விடு. ஆறு மணிக்கு உனக்கு ரயில்."

"வேலை?"

அவன் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனான்.

அவன் குளிக்கப் போனதும் கிளெண்டா அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு பண்ணை முற்றத்துக்கு நடந்தாள். இருநூறு அடி தூரம்தான். பல்லில்லாத நாய் குரைத்தது.

மிஸஸ் பீவன் கொட்டகை வாசலில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், ரப்பர் காலணியோடு. பக்கத்தில் வெயிலில் ஒரு சாக்கு விரிந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து நான்கு கறுப்புக் குளம்புகள் தெரிந்தன.

"நான் நேதனோட அம்மா," என்றாள் கிளெண்டா. "கேட்ட மூடினது நான். வெள்ளிக்கிழமை. யாரோ மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். அவன் எனக்காகச் சொன்னது பொய்." கயிற்றை நீட்டினாள்.

மிஸஸ் பீவன் அதை வாங்கவில்லை. "தெரியும் கண்ணு. ஆடு பாக்கிற எவனாவது கேட்டுக்கு ரிப்பன் கட்டுவானா? அவன் பையில துருத்திக்கிட்டு, பிறந்தநாள் பரிசு மாதிரி இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அவன் சொல்லட்டும்னு பாத்தேன்." அவர் சாக்கைப் பார்த்தார். "நாளைக்கு வேணாம்னு சொல்றதா இருந்தேன். கேட்டுக்காக இல்ல. என் புருஷன்கூட ஒரு வருஷம் கேட்ட மறந்து, பாதி மந்தை பாதிரியார் தோட்டத்துல இருந்துச்சு. ஆனா மலைமேல என்ன நடந்துச்சுன்னு இவன் வந்து சொல்றதை வெச்சுத்தான் நான் முடிவெடுக்கணும். எனக்கு இப்ப அங்க ஏற முட்டி விடல. ஆட்டைப் பத்தி எங்கிட்ட பொய் சொன்னா நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

எங்கோ ஒரு குட்டி கத்தியது.

"அவன் பொய் சொல்ற பையன் இல்ல," என்றாள் கிளெண்டா. "அதுல கொஞ்சம்கூடத் திறமை இல்லாதவன். பள்ளிக்கூடத்துல எப்பவும் மாட்டிப்பான்."

"அது தெரியுது. சொல்லும்போது காது வரைக்கும் சிவந்துட்டான்." மிஸஸ் பீவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நேத்து ரோட்டுல வண்டியில உக்காந்தே எண்ணிட்டுப் போனதை மட்டும் அவனே தானா சொன்னான். அது அவன் தப்புதான், அதை நான் விட மாட்டேன்." காலணியில் ஒட்டியிருந்த வைக்கோலைக் கல்லில் தேய்த்தார். "அக்டோபர் வரைக்கும் பாப்போம். கடாக்களை ஆடுகளோட சேத்து விடுற காலம் வரட்டும். வீட்டுச் சாவி அப்புறம். அவன்கிட்ட நானே பேசிக்கிறேன், நீங்க போய்ச் சொல்லாதீங்க."

"சரி."

"பஸ் ஓட்டுற கைதானே? அந்தப் பக்கம் பிடிங்க. செத்த ஆட்டை எடுத்துட்டுப் போறவன் நாளைக்குத்தான் வருவான். இதை இப்படி வெயில்ல போட மனசு வரல."

கிளெண்டா குனிந்து பின்னங்கால்களைப் பிடித்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கம்பளிக்குள் இன்னும் வெயிலின் சூடு. இருவரும் ஓரடி ஓரடியாக நகர்ந்து அதைக் கொட்டகையின் நிழலில் கிடத்தினார்கள். சாக்கு விலகியபோது, பழுப்புப் புள்ளி விழுந்த ஒரு காது தெரிந்தது.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள்.

"ம்." மிஸஸ் பீவன் சாக்கைச் சரிசெய்தார். "இவ பேரு டாஃபி. கூப்பிட்டா வந்ததே இல்ல." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "டீ குடிக்கிறீங்களா?"

மூன்று மணிக்கு நேதன் மறுபடி மேல் வயலுக்குக் கிளம்பினான். கிளெண்டாவும் கூடவே போனாள். ரயிலுக்கு நேரமிருந்தது. மிஸஸ் பீவன் அவனிடம் முற்றத்தில் வைத்துப் பேசியிருந்தார். என்ன பேசினார் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் முதல் கேட்டைத் தாண்டும்போது, "அக்டோபர்ல ஒரு வாரம் லீவு போட முடியுமா உன்னால?" என்று கேட்டான்.

மூன்றாவது கேட் வேலியோடு ஒட்டித் திறந்து கிடந்தது. கீழே தொட்டியைச் சுற்றி ஆடுகள் நின்றன. சில தலையை உள்ளே விட்டிருந்தன. ஒரு குட்டி தொட்டியின் விளிம்பில் முன்னங்காலை வைத்திருந்தது. நேதன் உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தான்.

கிளெண்டா கேட்டின் பக்கத்தில் நின்றாள். காற்றில் அது கொஞ்சம் அசைந்து கிறீச்சிட்டது. அவள் கை தானாகவே நீண்டது. பாதியில் நிறுத்தி, இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.