ஆயில் இளகும்வரை

டப்பாவைச் சாய்த்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தாள். விளிம்பில் கறுப்பாக ஏதோ திரண்டு, விழ மனமில்லாமல் நின்றது.

"ராத்திரி பூரா வெளியவா கெடந்துச்சு?"

"மறந்துட்டேன்" என்றான் கணவன்.

குளிர்காலம் முழுக்க அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வேனை நிறுத்தியதும், சூடு ஆறுமுன் இன்ஜின் ஆயிலை இறக்கிவிடுவான். அப்போது அது தண்ணீராய்ச் சளசளவென்று கொட்டும். டப்பாவை அடுப்போரம் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். காலையில் வெதுவெதுப்பாக ஊற்றினால் கிழட்டு இன்ஜின் முரண்டு பிடிக்காமல் எழுந்துகொள்ளும். வெளியே விட்டால் உறைபனியில் ஆயில் தார்போல் இறுகிவிடும். "பிள்ளைய தூங்க வச்சாச்சா?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் டப்பாவைக் காட்டித் தினமும் கேட்பார். கல்யாணமான நாள்முதல் ஒரு தடவைகூட அவன் மறந்ததில்லை.

இன்றைக்குத்தான் அவளைப் பஸ் நிலையத்தில் கொண்டுவிட வேண்டும். கடலோர நகரம் ஒன்றில் துணி ஆலை வேலை. கிடைத்ததைச் சொன்ன அன்று "சரி" என்றான். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போகாதே என்று சொல்லலாம். நானும் வருகிறேன் என்று சொல்லலாம். இரண்டில் ஒன்று அவன் வாயிலிருந்து விழுமென்று, மடித்த புடவைகளையே பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

நேற்று கொடியில் துணி எடுக்கப் போனபோதே டப்பா வாசலில் இருப்பதைப் பார்த்தாள். தாண்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அதை இப்போது சொல்லவில்லை.

கொதிக்கும் நீருக்குள் டப்பாவை இறக்கிவைத்தாள். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. தெரு போயிற்று. எதிர்வீடு போயிற்று. கடைசியில் வேனும் போயிற்று. அடுப்பும் அவர்கள் இருவரும் மட்டும் எங்கோ மிதந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது.

"பஸ் போயிடும்" என்றான்.

"அடுத்தது இல்லியா?"

"மத்தியானம் ஒண்ணு இருக்கு."

"அதையும் விசாரிச்சாச்சா? அனுப்பி வைக்க அவ்வளவு ஆசை."

அவன் புனலைத் துடைத்துக்கொண்டிருந்தான். டப்பாவைப் பிடிக்கக் கந்தல் எடுக்க மேசைக்கடியில் குனிந்தாள். அங்கே புது ஆயில் டப்பா ஒன்று, மூடி திறக்காமல் இருந்தது. மேலே அச்சிட்டிருந்ததைப் படித்தாள். வெயில் ஊர்களில் ஓடும் வண்டிகளுக்கான கெட்டி ஆயில்.

"இத எந்த மகராசன் உங்க தலையில கட்டுனான்? இந்தக் குளிருக்குக் கல்லாயிடாதா?"

"இங்க ஊத்த இல்ல."

அவள் நிமிர்ந்தாள்.

"அந்த ஊர்ல அனல் அடிக்கும்னு சொன்னியே. நம்ம ஆயில் அங்க ரொம்ப இளகிடும். இன்ஜின் தேஞ்சுடும்." புனலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "அதான்."

"எப்ப வாங்குனீங்க?"

"நீ சொன்ன மறுநாளு."

"அத வாயத் தொறந்து சொன்னா என்ன, முத்து உதிர்ந்துடுமா?"

அவன் சுத்தமாயிருந்த புனலை மறுபடியும் துடைத்தான்.

அவள் ஒரு குச்சியை ஆயிலில் விட்டு உயர்த்தினாள்.

"இளகிடுச்சா?"

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

குச்சியின் நுனியிலிருந்து அது இறங்கிக்கொண்டிருந்தது. மெலிய மெலிய, அறாமல், கறுப்பு விலகித் தேன் நிறத்தில்.