பனிவாத்துகள் இறங்கிய சோளக்காடு

அக்டோபர் பிறந்ததிலிருந்து ஹில்டாவுக்கு உட்கார நேரமில்லை. வெர்மான்ட் ஏரிப் பள்ளத்தாக்கில் அவர்களுடையது சின்னப் பண்ணைதான். இரண்டு பன்றி, ஒரு பால் ஆடு, பத்துப் பதினைந்து கோழி, வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு சோளக்காடு. ஆனால் பண்ணை சின்னது என்று குளிர்காலம் இரக்கம் பார்ப்பதில்லை. விறகு அடுக்க வேண்டும், கிழங்கை நிலவறையில் இறக்க வேண்டும், பீட்ரூட்டைக் காடியில் ஊறப்போட்டுப் பாட்டிலில் அடைக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அவள் கணவன் வெர்னன் ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். இடுப்புவரை மாவுக்கட்டு. அடுப்பங்கரையில் நாற்காலியும் அவனுமாக உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தான்.

உதவிக்கு அவன் அக்கா கோரா வந்திருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் அதிகாரம் செய்தவள். வந்த அன்றே ஹில்டாவின் கத்திகளை எல்லாம் மொட்டை என்று சொல்லித் தீட்டி வைத்தாள்.

"மரம் ஏற வயசாயிடுச்சுன்னு உனக்கு யாருமே சொல்லலையாடா?" என்று தம்பியைத் தினமும் ஒரு முறையாவது கேட்பாள்.

"இறங்கத்தான் தெரியலக்கா. ஏறினதெல்லாம் நல்லாத்தான் ஏறினேன்" என்பான் அவன்.

சோளத்தை அறுத்துக் கட்டுக் கட்டாகக் காட்டிலேயே சாய்த்து வைத்திருந்தார்கள். மழை விட்டதும் தூக்கிவிடலாம் என்று ஹில்டா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். பன்றிக்கும் கோழிக்கும் குளிர்காலம் முழுக்க அதுதான் தீனி.

அன்று விடிந்தபோது மூடுபனி கதவுவரை வந்து நின்றது. ஆட்டைக் கறக்க வாளியோடு வெளியே வந்த ஹில்டா படியிலேயே நின்றுவிட்டாள். சோளக்காட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம். திருவிழாக் கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் தாழ்ந்த குரலில் பேசினால் எப்படி இருக்கும், அப்படி. வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலியைப் பிடித்தபடியே நடந்தாள். பத்தடிக்கு மேல் கண் போகவில்லை. காட்டின் ஓரத்துக்குப் போனபோது தரையெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. இதற்குள் பனி கொட்டிவிட்டதா என்று குனிந்து பார்த்தாள்.

அந்த வெள்ளை கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தது.

பனிவாத்துகள். வடதுருவத்துப் பக்கமிருந்து தெற்கே போகிறவை. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வானத்தில் கோடு கோடாகப் போகும். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். இரவில் மூடுபனி வழியை மறைத்திருக்க வேண்டும். மொத்தக் கூட்டமும் அவர்கள் காட்டில் இறங்கிவிட்டது.

வீட்டுக்குள் ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னாள்.

"எத்தனை இருக்கும்?" என்றான் வெர்னன்.

"தெரியலை. தரையே தெரியலை."

கோரா அடுப்பிலிருந்து திரும்பினாள். "ஏம்மா, சோளக்கட்டெல்லாம் அங்கதானே கிடக்கு? பார்த்துட்டு சும்மாவா வந்தே?" பெரிய வாணலியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாலு வயது மகள் ஐவி தூக்கக் கலக்கத்தோடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

அவர்கள் வேலியை அடைந்தபோது காற்று திரும்பியிருந்தது. மூடுபனி ஒரு மூலையிலிருந்து சுருண்டு மேலே போகத் தொடங்கியது. முதலில் அவர்கள் காடு தெரிந்தது. பிறகு பக்கத்துப் புல்வெளி. பிறகு அதையும் தாண்டி ஓடைவரை சரிந்து இறங்கும் மேய்ச்சல் நிலம். எல்லாம் வாத்து. விலகிய இடமெல்லாம் வெள்ளை, வெள்ளைக்குப் பின்னாலும் வெள்ளை. சோளக்கட்டுகளின் மேலும் ஏறி நின்று கொத்திக்கொண்டிருந்தன. மனிதர்களை ஒரு பொருட்டாகவே அவை எடுத்துக்கொள்ளவில்லை.

கோரா கரண்டியை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

ஹில்டா காத்திருந்தாள். ஒரு தட்டு தட்டினால் போதும், பாதித் தீனியாவது மிஞ்சும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் 'தட்டுங்க அண்ணி' என்று சொல்ல வாய் வரவில்லை.

"அத்தை, இவங்கல்லாம் நம்ம வீட்டுக்கா வந்திருக்காங்க?" என்று ஐவி ரகசியமாகக் கேட்டாள்.

கோரா கரண்டியைத் தாழ்த்தினாள். வாணலியை மெல்லப் புல்லில் வைத்தாள். பிறகு, "அவன் இதைப் பார்க்கணும்" என்றாள்.

"எப்படி அண்ணி? காலை மடக்கக்கூட முடியாதே."

"தள்ளுவண்டி எதுக்கு இருக்கு?"

வண்டியிலிருந்த பூசணிகளைக் கீழே உருட்டிவிட்டு, போர்வையை விரித்து வெர்னனை ஏற்றினார்கள். மாவுக்கட்டுக் கால் முன்னால் பீரங்கி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, மெதுவா! இன்னொரு காலும் போயிடும்."

"பேசாம வாடா. பூசணியே தேவலை, வாயைத் திறக்கலை."

கோரா பிடியைத் தள்ள, ஹில்டா பக்கத்தில் முட்டுக்கொடுக்க, வண்டி பாதி உறைந்த சேற்றில் தள்ளாடியபடி வேலிக்கதவைத் தாண்டியது. காட்டுக்குள்ளேயே போய்விட்டார்கள். வாத்துகள் பறக்கவில்லை. வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி, பின்னால் மறுபடி சேர்ந்துகொண்டன. கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் அவற்றின் நடுவில் இருந்தார்கள். சத்தம் காதில் மட்டுமல்ல, வண்டியின் மரத்திலும் அதிர்ந்தது. ஒரு வாத்து வெர்னனின் கட்டுக் காலை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது. அவன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அப்போது சூரியன் மலைக்கு மேல் வந்தது.

எது சைகை கொடுத்ததோ தெரியாது. பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. அந்த ஒரு நொடி நிசப்தத்தில் ஹில்டாவுக்குத் தன் இதயம் துடிப்பது கேட்டது. அடுத்த நொடி ஓடைப்பக்கத்திலிருந்து வெள்ளை ஒரு அலையாக எழும்பி அவர்களை நோக்கி வந்தது. சுற்றியிருந்தவையும் எழுந்தன. சிறகடிப்பில் கோராவின் முக்காடு பறந்தது, ஐவி அலறிக்கொண்டே சிரித்தாள், வானம் மறைந்தது. கறுத்த சிறகு நுனிகள் தலைக்கு மேல் நெருக்கமாகச் சுழன்றன. வெயில் ஒவ்வொரு வயிற்றிலும் பட்டுப் பட்டு அணைந்தது. ஹில்டா என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கோராவின் கையைப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரம் போயும் தீரவில்லை. கடைசியில் வரிசைகள் பிரிந்து, தெற்கே ஏரிக்கு மேல் நூலாகி மறைந்தன.

யாரும் அசையவில்லை.

"இந்த இடத்துல பிறந்து வளர்ந்தவன் நான்" என்று வெர்னன் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டுத் தெற்கே பார்த்தான்.

சோளம் பெரும்பாலும் போய்விட்டது. இனி ஒரு பன்றியை நவம்பரிலேயே அறுத்து உப்புப் போட வேண்டியதுதான் என்று ஹில்டா மனதுக்குள் முடிவு செய்தாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தத்துக்கு அப்போது இடம் கிடைக்கவில்லை.

மிஞ்சிய கதிர்களைப் பொறுக்கலாம் என்று குனிந்தபோதுதான் அதைப் பார்த்தாள். இரவெல்லாம் பெய்த உறைபனி காடு முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. அதில் ஒவ்வொரு வாத்தும் படுத்திருந்த இடம் மட்டும் உறையாமல், தட்டளவுக்குக் கறுப்பாக, ஈரமாக, ஓடைவரை எண்ண முடியாமல் கிடந்தது.

கையுறையைக் கழற்றி ஒன்றில் உள்ளங்கையை வைத்தாள். மண்ணில் வாத்தின் சூடு இன்னும் இருந்தது.

"அண்ணி, இங்க வந்து கை வச்சுப் பாருங்க" என்றாள்.

கோரா சேற்றில் மண்டியிட்டாள்.