ஓம், அதுதான்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் சொந்த மூளையால் யோசிக்கிற கிறிஸ்தவன் ஒரே ஒருவன்தான் இருக்கிறான் என்று நிதுர்ஷன் அறிவித்தபோது, செட்டிபாளையத்தில் அவன் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் புரையேறவில்லை. அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் மெய்யியல் படிக்கிறவன். எழுவான்கரை, படுவான்கரை இரண்டையும் அலசிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். படுவான்கரையில் இன்னொருவர் இருந்தார். போன வருடம் கனடாவுக்குப் போய்விட்டார்.

அது ஞாயிறு பின்னேரங்களில் கூடும் ஐக்கியம். திருச்சபையில் எல்லாவற்றுக்கும் ஆமென் சொல்லி அலுத்துப்போய், மருந்துக்கடையில் வேலை செய்யும் பிரஷாந்தி தொடங்கிவைத்தது. வேதத்தில் ஒரு பகுதியை வாசிப்பார்கள். போதகர் அதற்கு என்ன சொன்னார் என்பதை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு, தனக்கு என்ன படுகிறது என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் சொன்னதை மறுப்பதென்றால், முதலில் அதை உன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். அவர் “ஓம், அதுதான்” என்ற பிறகுதான் மறுக்கலாம். நிதுர்ஷன் இதற்குக் கிளிக்கூடு என்று பெயர் வைத்திருந்தான். யோசிக்கத் தெரிந்தவன் எதற்கு இன்னொருவன் மென்றதை வாங்கி மெல்லவேண்டும்?

மூலையில் அவனுடைய அப்பா நல்லரத்தினம், வலது காலைக் கதிரையில் நீட்டிவைத்துக்கொண்டு இருந்தார். வாவியில் இறால் வலை இழுக்கும்போது சிப்பி கிழித்த காயம். சீனி வருத்தக்காரர், காயம் ஆறவில்லை, விரல்கள் கறுத்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும், வியாழனுக்குள் வந்தால்தான் மிச்சம் தப்பும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவர் கையெழுத்து வைக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். கதிரைக்கு அடியில் பிரஷாந்தி நுளம்புத்திரி கொளுத்தி வைத்திருந்தாள். அது நுளம்புக்குத்தான், காயத்தின் வாடைக்கு அல்ல என்று எல்லாரும் நம்புவதுபோல் இருந்தார்கள்.

“அங்கிள், ஆஸ்பத்திரி விசயம் கதைப்பமா?” என்றாள்.

“வெட்ட வேணாம் புள்ள. அவ்வளவுதான்.”

நிதுர்ஷன் எழுந்தான். “காலே தடங்கலா நிண்டா வெட்டி எறி எண்டு வேதத்திலயே கிடக்கு. இதுக்கு மேல டொக்டர் என்ன துண்டு எழுதித் தாறது?”

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அப்பா வாவியைப் பார்த்தார்.

“சட்டம் சட்டம்தான். முதல்ல அங்கிள் சொன்னதச் சொல்லு,” என்றாள் பிரஷாந்தி.

“வேணாம். இந்தா, சொல்லிட்டன். கிளிக்குப் பழம் தாங்க.”

பிரஷாந்தி சிரிக்கவில்லை. “அதுதானா அங்கிள்?”

“இல்ல,” என்றார் அப்பா.

காரணம் நிதுர்ஷனுக்கு முன்பே தெரியும். போதகர். சுகமாகும் என்று தலையில் கைவைத்துச் சொல்லியிருப்பார். அப்பா ஆமென் சொல்லியிருப்பார். திங்கட்கிழமை மோட்டார் சைக்கிளில் போகும் வழியெல்லாம் வாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போனான். போதகர் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“நானும் வெட்டத்தான் சொன்னன் தம்பி. அதுக்காகவே வந்து முழங்கால்ல நிண்டு ஜெபிச்சன். உங்கட அப்பா ஆமென் சொல்லல்ல. இத்தின வருசத்தில இதுதான் முதல் தரம்.”

அடுக்கிய வாதங்கள் அப்படியே மிஞ்சின. திரும்பி வரும்போது, எழுவான்கரையின் கணக்கில் ஓர் ஆளை விட்டுவிட்டது அவனுக்கு உறைத்தது. அந்த ஆள் அவன் வீட்டுக்குள்ளேயே இருந்து அழுகிக்கொண்டிருந்தார்.

செவ்வாய் முழுக்க விடவில்லை. செயற்கைக் கால் பூட்டிய மனிதர் ஒருவர் ஓடுவதைப் போனில் காட்டினான். கத்தினான். ஒருமுறை அழுதும் பார்த்தான். எல்லாவற்றுக்கும் அப்பா “ஓம் மனே” என்றார். கதவைச் சாத்துகிற ஓம் அது. புதன் பின்னேரம் கட்டு அவிழ்த்தபோது கறுப்பு பாதத்தைத் தாண்டிக் கணுக்காலுக்கு ஏறியிருந்தது. நுளம்புத்திரி இனி உதவாது. புதுத் துணியைச் சுற்றிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி கேட்டான்:

“ஏன் வேணாம்?”

பதிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளாமல் அவன் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அப்பா வாவிப் பக்கம் திரும்பினார். வாவியில் யாரோ தோணியைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். 

“சுனாமி அண்டைக்கு உன்ன இந்தக் கையில வச்சிருந்தன். ஒரு வயசு உனக்கு. மற்றக் கையால தென்னையக் கட்டிப் பிடிச்சிருந்தன். உன்ட அம்மாக்குப் பிடிக்க வேற ஒண்டும் இல்ல. இந்தக் கரண்டையத்தான் பிடிச்சா.” துணி சுற்றிய கணுக்காலை நாடியை நீட்டிக் காட்டினார். “பிறகு பிடி இல்ல.”

அம்மாவின் உடல் கிடைக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். இது தெரியாது. ஆனாலும் நாக்கின் நுனியில் மறுமொழி ரெடியாக வந்து நின்றது. கடலுக்குள் போனவளையே எழுப்பப்போகிற ஆண்டவருக்கு ஒரு கணுக்கால் பெரிய காரியமா? நல்ல வாதம். அதன் கூர் அவனுக்கே தெரிந்தது. அதை விழுங்கினான், விழுங்கச் சிரமமாக இருந்தது.

“நீங்க சொல்றது…” குரல் அவனுடையதுபோல் இல்லை. “அம்மா கடைசியாத் தொட்ட இடம். அதால வெட்ட மனமில்ல.”

“இல்ல மனே.”

“வெட்டினா… அம்மா இருந்ததுக்கு உங்கட உடம்பில அடையாளமே இல்லாமப் போயிரும் எண்டு.”

அப்பா உண்மையாகவே யோசித்தார். சபையில் ஒருநாளும் அவர் அப்படி யோசித்து நிதுர்ஷன் பார்த்ததில்லை.

“கிட்ட வந்திட்டாய். ஆனா அதில்ல. எனக்கும் சொல்லத் தெரியுதில்ல. நீ இன்னொருக்காச் சொல்லிப் பாரு.”

விடிந்தால் வியாழன். துணியின் முனை இன்னும் முடியப்படாமல் தொங்கியது. நிதுர்ஷனின் கை அந்தக் கணுக்காலைச் சுற்றிப் பிடித்திருந்தது. துணிக்கு மேலாலேயே காய்ச்சல் சுட்டது. வாவியில் இருள் இறங்கிக்கொண்டிருந்தது. பிடியை விடாமல், மெல்ல, திரும்பவும் தொடங்கினான்:

“நீங்க சொல்றது…”