சர்க்கரை இறங்கிய நாள்

பெனாசிருக்குப் பதினோரு மாதம். எடை நான்கு கிலோ முந்நூறு கிராம். சுருளிப்பட்டியில் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால், பிறந்து எத்தனை நாளாச்சு என்றுதான் அம்மா சுமையாவிடம் கேட்பார்கள். பதில் சொல்லி அலுத்து, அவள் வெளியே போவதையே விட்டுவிட்டாள்.

பால் குடித்த ஒரு மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை நானூறைத் தாண்டும். எவ்வளவு இன்சுலின் போட்டும் இறங்கவில்லை. தேனி டாக்டர் அனிதா மேரிதான் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று சுமையாவையும் கணவன் அல்தாபையும் எதிரே உட்கார வைத்துச் சொன்னார்.

"பிள்ளை உடம்புல இன்சுலின் நெறையா ஊறுது. ஆனா செல்லு மேல இருக்கிற ரிசெப்டர்ல அது போயி ஒட்டுனாத்தான் சர்க்கரை உள்ள போகும். இவளுக்கு அந்த ரிசெப்டரே கோணலாப் பொறந்திருக்கு."

"வேற வழியே இல்லியா டாக்டரம்மா?" என்றாள் சுமையா.

"அந்த ரிசெப்டருக்குக் கூடப்பொறந்தது மாதிரி இன்னொரு ரிசெப்டர் இவ உடம்புல நல்லா இருக்கு. இன்சுலின் சாயல்லயே இருக்கிற வளர்ச்சி ஹார்மோன் ஒண்ணு அதுல ஒட்டும். ஒட்டுனா, இன்சுலின் செய்யிற வேலையில கொஞ்சத்தைச் செய்யும். வெளிநாட்டு மருந்து. கம்பெனிக்கு எழுதிக் கேக்குறேன். குணமாகும்னு சொல்ல மாட்டேன்மா."

மருந்து வர நான்கு மாதமானது. அதற்குள் குழந்தை இரண்டு முறை நெஞ்சுச் சளியில் மூச்சுக்குத் திணறியது. தொழுகையில் சுமையா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்த எண் இறங்க வேண்டும்.

தேனி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் அந்த மருந்தை ஊசியாகப் போட்டும் எண் அசையவில்லை. அளவைக் கூட்டி, ஊசி போட்டதும் பால் கொடுத்தே ஆகவேண்டும், சர்க்கரை எழுபதுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான்காம் நாள் மதியம், ஊசி போட்ட பின் குழந்தை இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்படியே தூங்கியது. தூங்கட்டும் என்று சுமையா துணி காயப்போடப் போனாள். திரும்பி வந்து தொட்டபோது நெற்றியெல்லாம் வேர்வை. கையைத் தூக்கினால் துவண்டு விழுந்தது.

விரலில் குத்திப் பார்த்தாள். முப்பத்தொன்று.

எத்தனையோ மாதமாக இறங்கு இறங்கு என்று கெஞ்சியவளுக்கு அந்த எண் விளங்கவே சில நொடி பிடித்தது. பிறகு அலறினாள்.

"மச்சான்! வண்டிய எடுங்க!"

குளூக்கோஸைக் குழைத்துக் கன்னத்தின் உட்புறம் தேய்த்துக்கொண்டே கம்பம் ஆஸ்பத்திரி வரை போனாள். "கண்ணத் தொறடி, ஆத்தா! தொறடி!" அல்தாப் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

அங்கே மூன்றாவது தடவை ஊசி குத்தியபோதுதான் நரம்பு கிடைத்தது. குளூக்கோஸ் ஏற ஏற, குழந்தை முனகி, பிறகு வீறிட்டது.

சுமையா அனிதா மேரிக்குப் போன் போட்டாள். "நானே கொன்னுருப்பேன் டாக்டரம்மா. பால் குடிக்காம தூங்க விட்டுட்டேன்."

"மூணு நாளா பால் குடிச்ச பின்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

"முந்நூத்திச் சொச்சம்... நேத்து இருநூத்தி அறுபது. மிஷின்தான் தப்பாக் காட்டுதுன்னு நெனச்சேன்."

"மிஷின் தப்பாக் காட்டல, சுமையா. மருந்து ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. அளவைக் கொறைப்போம். இனி முழுசாக் குடிக்கலைன்னா எனக்குப் போன் பண்ணணும்."

சுமையா சுவரில் சாய்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த மாதம் பெனாசிர் நூற்றெண்பது கிராம் கூடியிருந்தாள். மருந்து இன்னும் ஏழு வாரத்துக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு வருமா என்று தெரியாமலே டாக்டர் மறுபடியும் எழுதிக் கேட்டிருக்கிறார்.