ஓடும்போது விழாத ஃபோர் வீல்

முதல் அடி விழுந்தபோது மிக்கேலின் வாயில் பாதி பன் இருந்தது. காலை ஒன்பதரை மணி. வெண்ணந்தூர் ரோட்டில் தன் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வாசலில் டீ கிளாஸோடு நின்றவனை, வண்டியை நிறுத்தி இறங்கிய நாச்சிமுத்து ஒரு பேச்சும் பேசாமல் செவிட்டில் அறைந்தான். கிளாஸ் ரோட்டில் விழுந்து நொறுங்கியது. எதிரே பஞ்சர் கடை, பக்கத்தில் பேக்கரி, நடுவில் பத்துப் பேர் நின்றார்கள். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பான்? அடிக்கிறவன் மருதாசலத்தின் ஆள். ஆறு போர்வெல் ரிக்கும் பதினாலு லாரியும் வைத்திருக்கிற மனுஷனோடு யார் மல்லுக்கு நிற்பார்கள்?

"ஏறுடா வண்டியில. மொதலாளி கூப்புடறாரு."

"எதுக்குங்க?"

"அங்க வந்து கேளு" என்று இரண்டாவதும் விட்டான் நாச்சிமுத்து.

எதற்கு என்று மிக்கேலுக்குப் பாதி தெரியும். மருதாசலத்தின் ஒரே மகன் ஜீவானந்தம் செத்துப் பதினேழு நாள் ஆகிறது. செத்தான் என்பது நாகரிகத்துக்குச் சொல்வது, வெட்டிக் கொன்றார்கள். மோகனூரில் காவிரியோரம் இருக்கிற தென்னந்தோப்பில் வரப்புத் தகராறு. பங்காளிகள் நாலு பேர் அரிவாளோடு துரத்த, இவன் ஜீப்பில் ஏறி ஆற்றோர வண்டித் தடத்தில் பறந்தான். தடம் முடிகிற இடத்தில் ஈர மணல், அதைத் தாண்டினால் தார் ரோடு. நாலு சக்கரமும் இழுத்தால் தாண்டிவிடலாம். அதற்கென்றே அந்த ஜீப்பில் ஒரு திருகு உண்டு. திருப்பினால் கீழே ஒரு சின்ன மோட்டார் சுற்றி முன் சக்கரங்களுக்கும் இழுவையைக் கொடுக்கும், பச்சை விளக்கு நின்று எரியும். ஃபோர் வீல் விழுந்தது என்பார்கள். அன்றைக்கு விழவில்லை. பின் சக்கரம் மட்டும் சுற்றிச் சுற்றித் தன் குழியைத் தானே பறித்தது. சீட்டில் வைத்தே வெட்டினார்கள்.

வெட்டினவர்கள் இப்போது ஜெயிலில். மருதாசலத்தின் கை அங்கே எட்டாது. எட்டுகிற தூரத்தில் இருந்தவன் மிக்கேல். கொலைக்கு ஒன்பது நாள் முன்னால் அதே ஜீப்பின் பம்பரில் லைட் மாட்டி ஒயரிங் செய்தவன் அவன்தான்.

ரிக் வண்டிகள் நிற்கிற ஷெட் மருதாசலத்தின் வீட்டை ஒட்டியே இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் இருந்து முந்தின நாள்தான் விட்ட ஜீப் நடு வாசலில் நின்றது. டிரைவர் சீட்டைக் கழுவியிருந்தார்கள். தையலுக்குள் இறங்கின ரத்தம் மட்டும் போகவில்லை. துளைபோடுகிற இரும்பு ராடுகளை அடுக்கியிருந்த மேட்டில் மருதாசலம் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார்.

"எம்பையன் கடைசியா எனக்குத்தாண்டா போன் பண்ணுனான். 'அப்பா, தடத்துலயே திருகத் திருப்பிட்டேன், போர் வீலு உழுக மாட்டீங்குதுப்பா, பச்ச லைட்டு மினுக்கு மினுக்குனு மினுக்குது'ன்னான். அப்பறம் வேற சத்தந்தான் கேட்டுது. என்ன சத்தம்னு சொல்லட்டுமா?"

"வேண்டாங்க மொதலாளி."

"பங்காளிககிட்டக் காசுக்குக் கை நீட்டுனியா?"

"மாதா மேல சத்தியமுங்க, நான் லைட்டுதானுங்க மாட்டுனேன்..."

முடிப்பதற்குள் நாச்சிமுத்துவின் முட்டி விலாவில் ஏறியது. மிக்கேல் சுருண்டு மண்ணில் விழுந்தான். மருதாசலம் எழுந்து வந்து அவனுடைய வலது மணிக்கட்டைச் செருப்புக் காலால் மிதித்தார்.

"என்ன கோளாறுன்னு நீயே பாத்துச் சொல்லு. உன்ற ஒயருன்னா இந்தக் கைய ராடுக்கு அடியில வெச்சு நசுக்கிப் போடுவேன். போலீசுக்குப் போறதுன்னா நொண்டிக் கையோட போ."

ஒரு ராடு ரெண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்கலாம். மிக்கேலுக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் அந்தோணிமேரி அடுப்பு மூட்டுவதும், மகள் அக்சிலியா திருச்செங்கோட்டுக் காலேஜுக்குப் போவதும் இந்த ஐந்து விரலை நம்பித்தான். அவன் எழுந்தான். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு, கடையில் இருந்து நாச்சிமுத்து அள்ளிப் போட்டு வந்த பையைத் திறந்து, கரண்ட் பார்க்கிற மீட்டரைக் கையில் எடுத்தான்.

முதல் வேலையாகத் தான் போட்ட ஒயரைப் பேட்டரியில் இருந்து பம்பர்வரை உருவி எடுத்து வெளியே எறிந்தான். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நின்ற வாக்கிலேயே திருகைத் திருப்பினான். அடியில் டக் என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

அடப்பாவி! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்ட மாதிரி ஆயிற்று. ஒயரை எடுத்ததும் ஃபோர் வீல் விழுந்துவிட்டதே!

"பாத்தியாடா! உன்ற ஒயருதாண்டா எம்பையனக் கொன்னுது!" மருதாசலம் பக்கத்தில் கிடந்த பழைய ஃபேன் பெல்ட்டை எடுத்து விளாசினார். முதுகில் ஒன்று, கழுத்தில் ஒன்று, தடுக்கப் போன முழங்கையில் ஒன்று. சட்டை கிழிந்து தோலும் கிழிந்தது. தான்தான் தப்பு செய்துவிட்டோமோ என்று மிக்கேலுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

"மொதலாளி, மறுக்காவும் மாட்டறேனுங்க! மாட்டியும் உழுந்துதுன்னா?" என்று கத்தினான்.

பெல்ட் நின்றது. மிக்கேல் ஒயரைப் பழையபடியே மாட்டினான். திருப்பினான். டக். பச்சை விளக்கு நின்று எரிந்தது. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

"அப்ப ஏண்டா அன்னிக்கு உழுகல?"

"ஓட்டிப் பாக்கோணுமுங்க."

ஷெட்டைச் சுற்றிப் பெரிய மானாவாரிக் காடு, உழாமல் கிடந்தது. நாச்சிமுத்து பக்கத்தில் ஏறிப் பிடரியைப் பிடித்துக்கொள்ள, மிக்கேல் ஜீப்பை எடுத்தான். வேகம் முப்பதைத் தொட்டதும் திருப்பினான். டக் சத்தம் வரவில்லை. பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று மினுக்கியது. இறங்கி ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினான். அப்போதும் அதே மினுக்கல்தான். ஆக, நிற்கும்போது விழுகிறது, ஓடும்போது விழவில்லை. அவனுடைய ஒயர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

திரும்பி வந்து சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "தம்பி பதட்டத்துல ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டே திருப்பியிருந்தாலும்..." என்று இழுத்தான்.

"செத்தவன் மேலயாடா பழி போடற?" மருதாசலத்தின் குத்து உதட்டைப் பிளந்தது. பல் ஒன்று ஆடியது. "எம்பையன் பன்னெண்டு வயசுல லாரி ஓட்டுனவன்டா!"

மிக்கேல் வாயைத் துடைத்துக்கொண்டான். ஜீப்புக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தான். அங்கேயாவது அடி விழாது. இந்த மாதிரி வண்டியில் ஒரு கம்ப்யூட்டர் டப்பா, முன் சக்கரம் சுற்றுகிற வேகத்தையும் பின் சக்கரம் சுற்றுகிற வேகத்தையும் சென்சார் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். ரெண்டும் ஒன்றாக இருந்தால்தான் இணைக்கும். வேறு வேறாக இருந்தால், இணைத்தால் பல் சக்கரம் உடைந்துவிடும் என்று பயந்து மாட்டேன் என்று சொல்லிவிடும். அந்த மாட்டேன்தான் மினுக்கல். வண்டி நிற்கும்போது ரெண்டு வேகமும் சைபர்; அதனால் மறுப்பு இல்லை. சென்சார்களை மீட்டர் வைத்துப் பார்த்தான். நன்றாகவே இருந்தன. ஒயர், எர்த் இணைப்பு, பின் எல்லாம் சுத்தம். அப்படியென்றால் டப்பா பொய் சொல்லவில்லை. முன் சக்கரமும் பின் சக்கரமும் நிஜமாகவே வேறு வேறு வேகத்தில் சுற்றுகின்றன.

படுத்த வாக்கிலேயே தலையைத் திருப்பினான். முன் டயர் ரெண்டும் புத்தம் புதுசு, கட்டை கட்டையாக ரப்பர். பின் டயர் ரெண்டும் பாதிக்கு மேல் தேய்ந்தவை. வெளியே ஊர்ந்து வந்து, ஒரு துண்டு ஒயரை முன் டயரைச் சுற்றி அளந்து, அதையே பின் டயரில் சுற்றினான். நாலு விரற்கடை மிச்சம் நின்றது. பின் சக்கரம் சின்னது, அதனால் கூடுதலாகச் சுற்றுகிறது. அவ்வளவுதான் கோளாறு!

கை தப்பித்தது. உயிர் போய் உயிர் வந்த சந்தோஷத்தில் அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"கெடச்சுருச்சுங்க மொதலாளி! இந்த டயர எந்த மடையனுங்க இப்புடி மாட்டுனது?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"நாந்தான்" என்றார் மருதாசலம். "ஏன்?"

நாமக்கல் பக்கம் லாரி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். புது டயர் முன்னால், தேய்ந்தது பின்னால். பின்னால் வெடித்தால் வண்டி நிற்கும்; முன்னால் வெடித்தால் ஆள் போய்விடுவான். நாற்பது வருஷம் அப்படி ஓட்டின மனுஷன், மகனுடைய உயிருக்குப் பயந்து முன்னால் ரெண்டு புதுசு வாங்கினார். மணலில் பிடிக்கட்டும் என்று ஒரு சைஸ் பெரிசாகவே வாங்கினார். லாரிக்கு அது சரி. இந்த ஜீப்புக்கு அது எமன்.

மிக்கேல் வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ரிலே, ஃபியூஸ் என்று வாயில் வந்ததை அடித்துவிட்டிருக்கலாம். ஆனால் அவன் ஒன்றும் புனிதன் இல்லை. காலையில் இருந்து வாங்கின அடி அத்தனையும் உடம்பில் எரிந்துகொண்டிருந்தது. திருப்பிக் கொடுக்க இப்போதுதான் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கொடுத்தான்.

"அதனாலதானுங்க போர் வீலு உழுகல. நாலு டயரும் ஒண்ணா இருந்துருந்தா தம்பி மணலத் தாண்டியிருக்கும்."

மருதாசலம் இரண்டு கையாலும் அவன் கழுத்தைப் பிடித்து ஜீப்பின் கதவோடு மோதினார். "பொய்யி! பொய்யி! நாச்சி, இவன் கைய வெய்யி!"

ராடு மேட்டுக்கு இழுத்துப் போனார்கள். நாச்சிமுத்து அவன் கையைக் கல்லின் மேல் வைத்து முட்டியால் அமுக்கினான். மருதாசலம் ஆத்திரத்தில் தனியாகவே ராடின் ஒரு முனையைத் தூக்கிவிட்டார்.

"கழட்டுன டயரு ரெண்டும் ஷெட்டுல கெடக்குமுங்க! மாட்டி ஓட்டிப் பாருங்க! உழுகலீன்னா நானே கையக் குடுக்கறேன்!" மிக்கேல் அலறினான். "நாச்சிண்ணா, நீயாச்சும் சொல்லுண்ணா!"

"மாட்டிப் பாத்தர்லாமுங்க மொதலாளி" என்றான் நாச்சிமுத்து. அன்று காலையில் இருந்து அவன் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

பழைய டயர்களை மாட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஸ்டியரிங்கில் மருதாசலமே உட்கார்ந்தார், மகன் வெட்டுப்பட்ட அதே சீட்டில். ஜீப் காட்டைச் சுற்றி வேகம் எடுத்தது. ரிக் வண்டி கழுவுகிற சேறு ஒரு மூலையில் முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது. அதற்கு நேராக விட்டார். டக் என்ற சத்தம் ஷெட்வரை கேட்டது. சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஜீப் சாதாரணமாக மறுபக்கம் ஏறியது. திரும்பி மறுபடி விட்டார், மறுபடி ஏறியது. நாலு தடவை விட்டார். பிறகு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி" என்று கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. மிக்கேல் ஜன்னலருகே போனான். "உள்ளாற அவ கேப்பா. உன்ற ஒயருன்னே சொல்லிரு. உன்னைய ஒண்ணும் பண்ண மாட்டேன், ஒருத்தனும் பண்ண மாட்டான். அவகிட்ட மட்டும் சொல்லிரு சாமி."

மிதித்த அதே மணிக்கட்டை இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அய்யோ பாவம் என்று மிக்கேலுக்கு அரை நொடி தோன்றியது நிஜம்.

மருதாசலத்தின் பெண்சாதி சாரதாமணி அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். காலையில் இருந்து அடிக்கிற சத்தம் கேட்டும் வெளியே வராத பெண்பிள்ளை, மகனுடைய ஜீப் ஓடுகிற சத்தம் கேட்டு வந்திருந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. நேராக மிக்கேலிடம் வந்தாள்.

"எதனாலயாம் சாமி? எம்பையனுக்கு எதனால உழுகலயாம்?"

ஒயர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ஜீவானந்தத்தைக் கொன்ற ஒயரிங்காரன் என்று ஊர் பேசும். இவர் விட்டாலும் சொந்தக்காரன் எவனாவது ஒருநாள் கடை வாசலில் அரிவாளோடு நிற்பான். விலாவைப் பிடித்துக்கொண்டு மிக்கேல் சொன்னான்.

"டயருங்கம்மா. முன்னால புதுசு, பின்னால பழசு. அதனாலதானுங்க."

அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு ஜீப்பின் பக்கம் திரும்பினாள்.

"சோத்துல கைய வெச்சுக்கிட்டே கேட்டானே. நாலும் ஒரே மாதிரி மாட்டோணும்பா, கம்பெனிப் புத்தகத்துல போட்டுருக்குதுன்னு கேட்டானே. லாரிக்காரனுக்கே டயரு சொல்லித் தர்றியாடான்னு அவன் வாய அடச்சீங்களே!"

மருதாசலம் கதவைத் திறந்து இறங்கினார். டயர் மாற்றின இடத்தில் கிடந்த வீல் ஸ்பேனரை அவள் எடுத்ததை நாச்சிமுத்து பார்க்கவில்லை. முதல் அடி மருதாசலத்தின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடி நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மூன்றாவதற்கு அவர் முட்டி போட்டுவிட்டார். நாச்சிமுத்து பதறிப்போய் அவளைப் பிடிக்க ஓடினான்.

"உட்றா" என்றார் மருதாசலம். "அடிக்கட்டும்."

மிக்கேல் போய்த் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. மீட்டரையும் பையையும் அங்கேயே விட்டுவிட்டு, விலாவை அமுக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தான். இந்த ஆள் அடி வாங்குவதைப் பார்க்க வேண்டும் என்று காலையில் இருந்து நினைத்தவன்தான். திரும்பிப் பார்க்க முடியவில்லை. ரோட்டுக்கு வந்த பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கத்தியது எல்லாம் சாரதாமணிதான். அவர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.